ஈக்களுக்குக் கஞ்சி காய்ச்சிய எல்லம்மாள்

ஈக்குக் கஞ்சி காய்ச்சிப் பிழைத்தவள் ஒருத்தி உண்டு என்றால் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். பூஞ்சேரி கூட்டுரோட்டில் இறங்கி எல்லம்மாள் வீடு எது என்று கேட்டால் டீக்கடைக்காரரே கை காட்டுவார். "ஈ வளக்கிற அம்மாவா?" என்று சிரித்துக்கொண்டுதான் காட்டுவார், ஆனாலும் காட்டுவார்.

எல்லம்மாளுக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். புருஷன் ஜெயக்குமார் நாவலூர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறவன். அவள் வேலைக்குப் போனது மாமல்லபுரத்துக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளடங்கி நின்ற ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு. கான்ட்ராக்ட்காரர் மூலமாகத்தான் வேலை. முதலில் கூட்டித் துடைக்க எடுத்தார்கள். கஞ்சி அறையில் ஒருவர் இருந்தார். மக்காச்சோள மாவு தீர்ந்துபோன அன்று யாரிடமும் சொல்லாமல் வேறு மாவைப் போட்டுவிட்டார் என்று அவரை ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். "உங்களுக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியுமாம்மா?" என்று எல்லம்மாளிடம் கேட்டார்கள். "இதெல்லாம் ஒரு கேள்வியா சார்?" என்றாள். அதோடு ஆறு வருஷம் ஓடிப்போனது.

ஈ என்றால் சோற்றில் உட்காரும் பெரிய ஈ இல்லை. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் புகைபோலப் பறக்குமே, அந்தப் பொடி ஈ. கண் மட்டும் சிவப்பாக இருக்கும். அது ஆயிரக்கணக்கில் கண்ணாடிக் குழாய்களில் இருந்தது. ஒவ்வொரு குழாய்க்கும் அடியில் இரண்டு விரல் கஞ்சி, மேலே பஞ்சு அடைப்பு. கஞ்சி என்றால் தண்ணீரைக் கொதிக்க விட்டு, கடல்பாசித் தூளைக் கரைத்து, மக்காச்சோள மாவு, வெல்லம், ஈஸ்ட் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கட்டி விழாமல் துழாவ வேண்டும். கடைசியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஓர் அமிலம். ஆறினால் அல்வாபோல் நிற்கும். எல்லம்மாள் காய்ச்சிய கஞ்சி ஒருநாளும் நீர்விட்டது கிடையாது.

அவளுக்குப் பிடிக்காதது ஈஸ்ட்தான். கஞ்சியில் போடுவது ஒருபக்கம். அதைத் தண்ணீரில் குழைத்துப் பேஸ்ட் செய்து, முட்டையிட வேண்டிய ஈக்களுக்குத் தனியாகவும் கொஞ்சம் தடவ வேண்டும். ஒரு மணி நேரத்தில் அது பொங்கிக்கொண்டு கள்ளுப்பானைபோல் நாறும். எத்தனை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் அந்த வாசனை நிற்கும்.

ஜெயக்குமார் குடியை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாலையில் அவள் வீட்டுக்குள் நுழைந்தால் மூக்கை உறிஞ்சுவான்.

"நான் வுட்டுட்டேன். நீ தெனம் போட்டுகினு வர்ற."

"ஆமாய்யா. ஈ ஊத்திக் குடுத்துது, நான் குடிச்சேன். மூஞ்சக் கழுவிகினு சாப்புட வா" என்பாள்.

வேடிக்கையாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஆனால் அவன் இரண்டு தரம் உறிஞ்சினால் அவள் மறுபடி சோப்பைத் தேடிப் போய்விடுவாள்.

கூடத்தில் மானசா என்று ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்த பெண். மூன்றாவது வருஷம் முடியப் போகிறது. உருப்படியாக ஒன்றும் கையில் இல்லை. ஐப்பசியில் ஒரு கமிட்டி உட்கார்ந்து அவளுடைய உதவித்தொகையை நீட்டுவதா நிறுத்துவதா என்று பார்க்கப் போகிறது. மத்தியானச் சாப்பாட்டை எல்லம்மாளோடு கஞ்சி அறை வாசலில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள், உள்ளே ஏசி குளிர் தாங்காது என்று.

ஒருநாள் எல்லம்மாள் கேட்டாள். "ஏன் பாப்பா, ஈ வவுத்தக் கிழிச்சு அப்படி இன்னாத்தப் பாக்கற?"

மானசா டப்பா மூடியைத் திருப்பிப் போட்டு ஒரு சோற்றுப் பருக்கையை அதன் நடுவில் வைத்தாள். "இது முட்டைன்னு வெச்சுக்குங்க. இதோட ஒட்டிக்கிட்டு இன்னும் பதினஞ்சு செல் இருக்கும். செவிலி மாதிரி. அந்தப் பதினஞ்சும் தூது தயார் பண்ணி, சின்னச் சின்ன ஓட்டை வழியா முட்டைக்குள்ள அனுப்பும்."

"இன்னா தூது?"

"எந்தப் புரதத்தைச் செய்யணும்னு சொல்ற தூது. தூது ஆர்.என்.ஏன்னு பேரு. முட்டைக்குள்ள நூல் நூலா பாதை இருக்கும். அதுல சுமந்துட்டு நடக்கறதுக்குன்னே ஆள் இருக்கு. பின்பக்கக் கோடி வரைக்கும் கொண்டுபோய் விடும். போற வழியில தூதைத் தொறக்கவே விடாது, கட்டிப் போட்டிருக்கும். கோடிக்குப் போனப்புறம்தான் கட்டு அவிழும், அங்கதான் புரதம் செய்யும்."

"வழியிலயே தொறந்துகிச்சுன்னா?"

"முன்பக்கம் தொறந்துச்சுன்னா புழுவுக்குத் தலையே வராது. ரெண்டு பக்கமும் வாலுதான்."

எல்லம்மாள் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டாள். "எங்க கான்ட்ராக்ட்காரரு மாரி."

மானசாவுக்குப் புரையேறியது.

இன்னொரு நாள் பேச்சுவாக்கில் மானசாதான் சொன்னாள், கள் பொங்குவதும் இதே ஈஸ்ட்டால்தான் என்று. எல்லம்மாள் அதை மறக்கவில்லை.

ஆடி பிறந்தது. ஜெயக்குமார் குடியை விட்டால் ஐந்து வருஷம் காப்புக் கட்டித் தீ மிதிப்பதாக எல்லம்மாளுக்கு ஊர் அம்மனிடம் ஒரு வேண்டுதல். முதல் வெள்ளிக்கிழமை மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு ஏறும். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை தீமிதி. அதுவரைக்கும் கவிச்சி கூடாது, ராத்திரி ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது, கள் சாராயம் கையால் தொடக்கூடாது. போன வருஷம் பத்து நாளும் லீவு கொடுத்தார்கள். இந்த வருஷம் கான்ட்ராக்ட்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "லீவு எடுத்தா வேற ஆள் போட்டுருவேன்."

ஆகையால் காப்போடு வேலைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் கஞ்சி கொதிக்கிறது. ஈஸ்ட் டப்பாவைத் திறந்தாள். வாசனை முகத்தில் அடித்தது. மணிக்கட்டில் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. அவள் அதிகம் யோசிக்கவில்லை. டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள்.

ஈக்களைப் பட்டினி போடும் எண்ணம் அவளுக்கு இல்லை, அது நிச்சயம். ஈஸ்ட்டுக்கு ஈடாக ஒரு கை வெல்லம் கூடப் போட்டாள். தடவுகிற பேஸ்ட்டுக்குப் பதிலாக மாவையும் வெல்லத்தையும் குழைத்து வைத்தாள். ஈக்கள் அதை நன்றாகத்தான் தின்றன, நன்றாகத்தான் பறந்தன. பத்து நாளும் இப்படியே நடந்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தீ மிதித்தாள். காப்பை அவிழ்த்துக் குளத்தில் விட்டாள். திங்கட்கிழமை டப்பாவைத் திறந்து பழையபடி அளந்து போட்டாள்.

அந்த நாட்களில்தான் மானசாவுக்கு யோகம் அடித்தது. அவள் ஒரு ஜீனைக் கெடுத்து வைத்த ஈக்களை வளர்த்துக்கொண்டிருந்தாள். தூது மட்டும் பச்சையாக மின்னும்படி ஏற்பாடு. சாதாரண ஈக்களை ஜூன் மாதமே பார்த்து முடித்திருந்தாள். அவற்றில் பச்சை ஒழுங்காகப் போய் முட்டையின் கோடியில் நின்றது. ஜீன் கெட்ட ஈக்களில் அப்படி இல்லை. செவிலிச் செல்களுக்குள்ளேயே பச்சை கட்டிகட்டியாகத் தேங்கி நின்றது, முட்டைக்குள் போகவே இல்லை. தூதை ஏற்றிவிடுகிற வேலையை இந்த ஜீன்தான் செய்கிறது என்று முடிவு கட்டினாள். கூடம் முழுக்கப் பால்கோவா கொடுத்தாள். எல்லம்மாளுக்கு இரண்டு.

கூடத்தின் தலைவர் செல்வராஜ் சார் படங்களைப் பார்த்தார். "நல்லா இருக்கு. மூணு தரம் திரும்பச் செய்" என்றார்.

மூன்று தரம் செய்தாள். மூன்று தரமும் கட்டி வரவில்லை. கெட்ட ஜீன் ஈயும் நல்ல ஈயும் ஒரே மாதிரி இருந்தன. ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. மருந்தை மாற்றிப் பார்த்தாள். மைக்ராஸ்கோப்பைத் துடைத்தாள். தண்ணீரைச் சோதித்தாள். மத்தியானம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு கஞ்சி அறைக்கு வந்தாள். "எல்லம்மாக்கா, ஜூலை இருபத்தொண்ணுலேர்ந்து முப்பது வரைக்கும் ஈ ரூம்ல ஏசி நின்னுச்சா? அந்த நாள்ல மட்டும்தான் வந்திருக்கு. அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல."

எல்லம்மாள் துழாவுகிற கரண்டியை நிறுத்தவில்லை. கரண்டி நின்றால் கஞ்சி அடிபிடிக்கும். மனதுக்குள் எண்ணினாள். காய்ச்சிய கஞ்சி ஆறி, ஈக்குப் போய், அது உடம்பில் பிடிக்க மூன்று நாள். பதினெட்டாம் தேதி காப்பு. இருபத்தேழு தீமிதி.

"ஏசி ஓடிகினுதான் இருந்துது பாப்பா" என்றாள். அது பொய் இல்லை.

வீட்டுக்குப் போனவள் விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டாள். ஜெயக்குமார் வேனைக் கழுவிவிட்டு உள்ளே வந்தான்.

"இன்னாமே, மூஞ்சி ஒரு மாரி கீது?"

"அந்தப் பொண்ணு ரெண்டு மாசமா தேடிகினு கீது. அது தேடறது என் கையில கீது."

நடந்ததைச் சொன்னாள். அவன் ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"சொன்னா இன்னாவும்?"

"மாவு மாத்தினவரையே ஒரே நாள்ல அனுப்பிட்டாங்க. எனுக்கும் வேல பூடும்."

"சொல்லாட்டி?"

"அது பாட்டுக்குத் தேடும். ஐப்பசில கமிட்டிக்காரங்க அத்த வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"ஈக்குப் போயி இவ்ளோ பேஜாரா? வாய மூடிகினு இரு. வேற இன்னா வேல கெடைக்கும் உனுக்கு, இந்த வயசுல?"

"உனுக்காவத்தான் காப்பு கட்டினேன்."

"அத்ததான் நானும் சொல்றேன். எனுக்காவ கட்டினதால வேல போச்சுன்னா ஊரு என்னியதான் கேக்கும். குடிச்சும் கெடுத்தான், வுட்டும் கெடுத்தான்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும்தான். ஆனால் அவள் வாயை மூடிக்கொண்டு இருக்கப் போவதில்லை என்று அவனுக்கும் தெரியும். அவளை வாய் மூட வைத்த ஆள் இன்னும் பிறக்கவில்லை.

காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் மானசாவைத் தேடிப் போனாள்.

"பாப்பா, அந்தப் பத்து நாளும் நான் ஈஸ்ட் போடல."

மானசா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "எதுல?"

"எதுலயும் போடல. கஞ்சியிலயும் இல்ல, மேல தடவறதுலயும் இல்ல. மாவும் வெல்லமும் கொழைச்சு வெச்சேன்."

"எனக்கு அப்பவே கஞ்சி கலர் வேற மாதிரி தெரிஞ்சுது. புது பாக்கெட்டுன்னு நெனச்சேன்." அவள் குரல் அடங்கியே இருந்தது. "ஏன்க்கா?"

"காப்பு கட்டிகினு இருந்தேன். கள்ளத் தொடக்கூடாது."

"அது கள்ளு இல்லக்கா!"

"கள்ளுல கீறதும் அதான்னு நீதான சொன்ன?"

"ஆடியில கோயில்ல கூழ் ஊத்தினீங்களே. எனக்குக்கூட ஒரு சொம்பு கொண்டுவந்தீங்க. அது புளிக்கலையா?"

"கூழு புளிக்கும். நாறாது."

"வெல்லம் போட்டா உயிரோட இருக்கும்க்கா, அவ்வளவுதான். முட்டை வளரப் புரதம் வேணும். அது ஈஸ்ட்லதான் இருக்கு. ஈ பட்டினின்னு நெனச்சுத் தூதை எல்லாம் நிறுத்திடுச்சு. ஜீன் ஒண்ணும் செய்யல." சொல்லிக்கொண்டே வந்தவள் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு மாசம் போச்சுக்கா."

எல்லம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். "தொடாதது தப்புன்னு சொல்ல மாட்டேன். சொல்லாம இருந்தது தப்பு. வா, சார் கிட்ட போலாம்."

செல்வராஜ் சார் முழுக்கக் கேட்டார். முதலில் மானசா பக்கம்தான் திரும்பினார்.

"நார்மல் ஈயை எப்பப் பார்த்த?"

"ஜூன்ல சார்."

"ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே கஞ்சியில வெச்சுப் பார்க்கணும்னு முதல் வருஷமே சொன்னேனா இல்லையா? பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நல்ல ஈயிலயும் கட்டி வந்திருக்கும்."

மானசா தரையைப் பார்த்தாள். அவர் எல்லம்மாளிடம் திரும்பினார்.

"கான்ட்ராக்ட்காரர் காதுக்குப் போனா இன்னைக்கே உங்களை எடுத்துடுவார். தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் வந்து சொல்றீங்களா?"

"பொண்ணு தேடிகினே கீது சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. "சரிம்மா. அடுத்த ஆடிக்கு இப்படி ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த ரூமோட முடிச்சுக்குவோம்."

ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டு அடுத்த ஆடியில் பார்த்துக்கொள்ளலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். மானசாகூடக் கண்ணால் சாடை காட்டினாள்.

"ஆவும் சார்" என்றாள் எல்லம்மாள்.

"என்னது?"

"அடுத்த ஆடிக்கும் காப்பு கட்டுவேன். அஞ்சு வருசம்னு வேண்டிகினேன், ரெண்டுதான் ஆயிருக்கு. கட்டினா அத்தத் தொட மாட்டேன். முன்னாடியே உங்ககிட்ட சொல்லிடுவேன். அவ்ளோதான் என்னால முடியும்."

"வேலைக்குன்னு ஒரு முறை இருக்குல்லம்மா?"

"வேண்டுதலுக்கும் கீது சார்."

மானசா நோட்டின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கான்ட்ராக்ட்காரரிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் அளவு மாறும் என்று தெரிந்தே ஒருவரைக் கஞ்சி அறையில் வைக்க முடியாது. இந்த மாதம் முடிந்ததும் அந்த அறை ஸ்டோரில் இருக்கும் பிரிசில்லாவுக்கு, எல்லம்மாள் பாட்டில் கழுவும் அறைக்கு. எல்லம்மாள் சரி என்று தலையாட்டினாள். சண்டை போடவில்லை. அவர் சொன்னதும் அவருக்கு நியாயம்தான்.

மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மானசா நான்கு நாள் கஞ்சி அறைப் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து வாசலில் நின்றாள்.

"அந்த வெல்லக் கஞ்சி அளவு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"உக்காரு" என்றாள் எல்லம்மாள்.

இரண்டு பானை வைத்தாள். ஒன்றில் ஈஸ்ட், ஒன்றில் அன்றைக்குப் போட்ட அதே ஒரு கை வெல்லம். அந்த ஒரு கை எத்தனை கிராம் என்று மானசா தராசில் வைத்து எழுதிக்கொண்டாள். இந்த முறை நல்ல ஈ, கெட்ட ஜீன் ஈ இரண்டையும் இரண்டு கஞ்சியிலும் ஒரே நாளில் விட்டாள். நாலாம் நாள் எல்லம்மாளைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தாள். ஆறு வருஷத்தில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தரம். முதலில் தன் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பிறகு கறுப்பில் பச்சை தெரிந்தது.

"இது நல்ல ஈ. வெல்லக் கஞ்சி தின்னது. கட்டி கட்டியா தெரியுதா?"

"தெரியுது. அரிசி மாவுல தண்ணி பத்தாத மாரி."

மானசா கண்ணாடித் தகட்டை மாற்றினாள். "இது அதே கூட்டத்து ஈதான். நேத்து ஈஸ்ட் கொடுத்தேன்."

கட்டி இல்லை. பச்சை முட்டைக்குள் போய், ஒரு கோடியில் பிறைபோல் ஒட்டிக்கொண்டு நின்றது. எல்லம்மாள் வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப நான் ஒண்ணையும் சாவடிக்கல."

"இல்லக்கா. சாப்பாடு இல்லேன்னா தூதை அழிக்காது, கட்டி ஓரமா வெச்சுடும். வந்ததும் அவுத்துவிடும்."

"அப்ப இது நீ கண்டுபுடிச்சதுதான? கமிட்டில சொல்லு."

"வெளிநாட்டுல எப்பவோ பார்த்து எழுதிட்டாங்க. சார் நேத்து அந்தக் கட்டுரையைக் கொடுத்தார். நான்தான் படிக்காம விட்டிருக்கேன்." மானசா விளக்கை அணைத்தாள். "கமிட்டில இருக்கறதை இருக்கறபடி சொல்லப் போறேன். ஜீன் இல்ல, பட்டினின்னு. நிறுத்தினா நிறுத்தட்டும்."

கமிட்டி நிறுத்தவில்லை. ஆறு மாதம் மட்டும் நீட்டியது, அதற்குள் வேறு ஜீன் பார்க்கச் சொல்லி. ஆறு மாதம் போதுமா என்பது அவளுக்கே தெரியாது.

முதல் தேதி எல்லம்மாள் பாட்டில் கழுவும் அறைக்குப் போனாள். வெந்நீர், பிரஷ், செத்த ஈ ஒட்டிய பழைய கஞ்சி. பத்து மணிக்குப் பிரிசில்லா ஓடிவந்தாள்.

"எல்லம்மா, கட்டி கட்டியா விழுதுடி. இன்னா செய்ய?"

"மாவ ஒரேடியா கொட்டினியா?"

"ஆமா."

"வடிகட்டிட்டுப் புதுசா போடு. பச்சத் தண்ணில கரைச்சுகினு ஊத்து."

"வந்து ஒருவாட்டி காட்டேன்."

"சார் என்னிய இங்கதான் இருக்கச் சொல்லிகிறாரு" என்றாள் எல்லம்மாள். அடுத்த பாட்டிலை எடுத்துப் பிரஷ்ஷை உள்ளே விட்டாள். கொஞ்சம் பொறுத்துக் குரல் கொடுத்தாள். "கரண்டிய மட்டும் நிறுத்தாத!"